முன்குறித்தல் தலையெழுத்தா? தெரிந்துகொள்ளுதல் பற்றி ஓர் இழை

4 மார்ச் 2025, இரவு 9.15
பெரம்பூர் வாசகியின் கேள்வி

இரட்சிக்கப்படப் போகிறவர்களை உலகத்தோற்றத்துக்கு முன்னே தேவன் தெரிந்துகொண்டுவிட்டார் (தேர்ந்தெடுத்துவிட்டார்) என்றால், சபைப் பக்கமே வராத என் அக்கா மகனுக்காக நான் முழங்கால் போடுவது எதற்கு? அவன் பெயர் இருந்தால் வந்துவிடுவான். இல்லையென்றால் என் ஜெபம் என்ன செய்யும்? இதற்கும் தலையெழுத்துக்கும் என்ன வித்தியாசம்? சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள்.

4 மார்ச், இரவு 10.50

தலையெழுத்து என்றால் முடிவு மட்டும் எழுதியிருக்கிறது, எந்தப் பக்கம் ஓடினாலும் அதில்தான் போய் விழுவோம் என்று பொருள். வழிக்கு அங்கே மதிப்பில்லை. வேதத்தின் முன்குறித்தலில், அதாவது தேவன் முன்கூட்டியே தீர்மானிப்பதில், முடிவும் வழியும் சேர்ந்தே குறிக்கப்படுகின்றன.

அப்போஸ்தலர் 27-ஐத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள், சிஸ்டர். பவுல் போகும் கப்பல் புயலில் சிக்குகிறது. அதில் 276 பேர் (வசனம் 37). ஒருவனுக்கும் பிராணச்சேதம் வராது என்று 22-ல் பவுல் சொல்லிவிடுகிறார். தேவதூதன் வந்து சொன்ன வார்த்தை அது. 30-ல் கப்பலாட்கள் நங்கூரம் போடுகிற பாவனையில் படவை இறக்கித் தப்பிக்கப் பார்க்கிறார்கள். 31-ல் அதே பவுல் நூற்றுக்கு அதிபதியிடம், இவர்கள் கப்பலில் இராவிட்டால் நீங்கள் தப்பிப் பிழைக்கமாட்டீர்கள் என்கிறார். 32-ல் சேவகர் படவின் கயிறுகளை அறுத்துவிடுகிறார்கள். 44-ல் பலகைகளைப் பிடித்துக்கொண்டு எல்லாரும் கரை சேருகிறார்கள்.

இருபத்திரண்டும் முப்பத்தொன்றும் பவுலுக்கு முரணாகத் தெரியவில்லை. அந்தக் கயிறு அறுக்கப்பட்டதும் வாக்குறுதி நிறைவேறிய வழியில் ஒரு பகுதி. உங்கள் ஜெபம் அந்தக் கயிற்றின் இடத்தில் இருக்கிறது. அதை வெறும் ஒப்புக்குச் செய்வதாக நினைக்காதீர்கள்.

5 மார்ச், காலை 6.40

நேற்று மொழியைத் தொடாமல் விட்டது தவறு. பாதிக் குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது.

"தெரிஞ்சுக்கிட்டேன்" என்றால் இன்றைய சென்னைத் தமிழில் அறிந்துகொண்டேன் என்று அர்த்தம். நம் பழைய மொழிபெயர்ப்பில் "தெரிந்துகொண்டேன்" என்றால் தேர்ந்தெடுத்தேன். தெரிதல் என்பதற்கு ஆராய்ந்து எடுத்தல் என்ற பொருள் பழையது. குறளில் "தெரிந்துதெளிதல்" என்ற அதிகாரம், வேலைக்குத் தகுந்த ஆளைத் தேர்ந்து நம்புவதைப் பற்றியதுதான். பதினைந்து வயதுப் பிள்ளை யோவான் 15:16-ல் "நீங்கள் என்னைத் தெரிந்துகொள்ளவில்லை, நான் உங்களைத் தெரிந்துகொண்டேன்" என்று வாசிக்கும்போது, "உங்களுக்கு என்னைத் தெரியாது, எனக்கு உங்களைத் தெரியும்" என்றே எடுத்துக்கொள்கிறது. தெரிந்துகொள்ளுதல் என்ற உபதேசமே அங்கே காணாமல் போகிறது. 1995-இல் வந்த திருவிவிலியம் "தேர்ந்துகொண்டேன்" என்று போட்டிருப்பது இந்த ஒரு காரியத்தில் தெளிவு. வகுப்பெடுப்பவர்கள் இரண்டையும் பக்கத்தில் வைத்து வாசிக்கச் செய்யலாம்.

"அழைப்பு" என்பதிலும் இதே சிக்கல். மத்தேயு 22:14-ல் அழைக்கப்பட்டவர்கள் அநேகர், தெரிந்துகொள்ளப்பட்டவர்களோ சிலர். ரோமர் 8:30-ல் அழைக்கப்பட்டவர்கள் எல்லாருமே நீதிமான்களாக்கப்படுகிறார்கள், ஒருவரும் வழியில் உதிர்வதில்லை. ஒரே சொல் இரண்டு வேலை செய்கிறது: காதில் விழுகிற அழைப்பு ஒன்று, உள்ளே திறக்கிற அழைப்பு இன்னொன்று. லீதியாளிடம் இரண்டும் சேர்ந்து நடந்தன. பேசியது பவுல், இருதயத்தைத் திறந்தருளியவர் கர்த்தர் (அப். 16:14).

5 மார்ச், மதியம் 1.10

அதே ரோமர் 8-ல் அடுத்த முடிச்சு 29-ஆம் வசனத்தின் "முன்னறிந்தாரோ". யார் விசுவாசிப்பார் என்று முன்கூட்டியே பார்த்துத் தேர்ந்தார் என்று பலர் விளக்குகிறார்கள். இரண்டு காரணங்களால் எனக்கு அது நிற்கவில்லை. ஒன்று, வசனம் "எவர்களை" என்று ஆட்களைச் சொல்கிறது. அவர்களுடைய விசுவாசத்தை முன்னறிந்தார் என்று அங்கே இல்லை. இரண்டு, அதே கிரேக்க வினை 1 பேதுரு 1:20-ல் கிறிஸ்துவைப் பற்றி வருகிறது. அங்கே நம் மொழிபெயர்ப்பாளர்களே "முன்னே குறிக்கப்பட்டவராயிருந்து" என்று போட்டிருக்கிறார்கள். ஆமோஸ் 3:2-ல் "உங்களைமாத்திரம் அறிந்துகொண்டேன்" என்று இஸ்ரவேலிடம் சொல்கிற தேவனுக்கு மற்ற ஜாதிகளைப் பற்றித் தகவல் இல்லாமலா போயிற்று? அந்த அறிதல் உறவு, நேசம்.

5 மார்ச், மாலை 7.25
அயனாவரம் வாசகர்

பிரதர், ஒரு பக்கத்தை மட்டும் காட்டுகிறீர்கள். அதே வினை அப்போஸ்தலர் 26:5-ல் யூதர்கள் பவுலை ஆதிமுதல் அறிந்திருப்பதைச் சொல்கிறது. 2 பேதுரு 3:17-ல் விசுவாசிகள் ஒரு காரியத்தை முன்னமே தெரிந்திருப்பதைச் சொல்கிறது. இரண்டும் சாதாரண அறிவுதான். எபேசியர் 1:4-ல் தேர்வு "கிறிஸ்துவுக்குள்" நடக்கிறது, "நம்மை" என்று பன்மையில். தேர்ந்தெடுக்கப்பட்டவர் கிறிஸ்து, அவருக்குள் இருப்பவர்கள் அவரோடு தேர்வில் பங்கு பெறுகிறார்கள். பெந்தெகொஸ்தே சபைகளில் பெரும்பாலும் இப்படித்தான் போதிக்கிறோம்.

5 மார்ச், இரவு 9.00

அப். 26:5-ஐ நான் எடுத்து வைத்திருக்க வேண்டும். ஒப்புக்கொள்கிறேன். சொல்லை மட்டும் வைத்து 8:29-ஐ முடிக்க முடியாது. ஆனால் அந்த இரண்டு இடங்களிலும் அறிகிறவர்கள் மனிதர்கள். தேவன் எழுவாயாக வரும்போது, ரோமர் 11:2-ல் "தாம் முன்னறிந்துகொண்ட தம்முடைய ஜனங்களை" என்கிற இடத்தையும் சேர்த்துப் பாருங்கள், சொல் கனக்கிறது.

"கிறிஸ்துவுக்குள்" என்பதில் உங்களோடு முழுக்க நிற்கிறேன். இந்த உபதேசத்தோடு அதிகம் பேசப்படும் சீர்திருத்தவாதி கால்வினே கிறிஸ்துவைத் தெரிந்துகொள்ளுதலின் கண்ணாடி என்றுதான் அழைக்கிறார். நம்மை நாமே உற்றுப் பார்த்து அதைத் தேடக்கூடாது, அந்தக் கண்ணாடியில் பார்க்க வேண்டும் என்பது அவர் வாதம்.

6 மார்ச், காலை 7.15

வரலாற்றைச் சுருக்கமாக, இதில் நிறைய அவதூறு ஓடுவதால்.

தெரிந்துகொள்ளுதலில் கால்வின் வழியினரோடு மாறுபட்ட டச்சு இறையியலாளர் ஆர்மினியஸ் 1609-இல் இறந்தார். அடுத்த ஆண்டு அவர் பக்கத்தார் ஐந்து விதிகளை எழுதிக் கொடுத்தார்கள். அதற்கு மறுமொழியாக நெதர்லாந்தில் தோர்த் நகரில் 1618 நவம்பர் முதல் 1619 மே வரை மாமன்றம் கூடியது. அதன் முடிவுகள் ஐந்து அதிகாரங்கள். ஆக, "கால்வினின் ஐந்து புள்ளிகள்" என்று அழைக்கப்படும் இவை கால்வின் எழுதியவை அல்ல. அவர் 1564-லேயே மறைந்துவிட்டார். ஐந்து என்ற எண்ணே எதிர்த்தரப்பு வைத்தது. TULIP என்று பூவின் பெயரில் மனப்பாடம் பண்ணுகிற சுருக்கம் ஆங்கிலத்தில் மட்டும் பொருந்தும் பிற்கால வழக்கம். அதில் வரிசையும் மாறிப்போயிற்று. தோர்த் தொடங்குவது தெரிந்துகொள்ளுதலில். மனிதனின் சீர்கேடு பின்னால்தான் வருகிறது.

இன்னொன்று. 1610 விதிகளில் மூன்றாவதையும் நான்காவதையும் வாசித்தால், மனிதன் தன் சொந்த பலத்தால் விசுவாசிக்க முடியாது, கிருபை முந்திக்கொள்ள வேண்டும் என்றுதான் அவர்களும் எழுதியிருக்கிறார்கள். அவர்கள் சேர்த்தது, அந்தக் கிருபையை எதிர்த்து நிற்க முடியும் என்பது. ஐந்தாவதில், விசுவாசி கடைசியில் விழுந்துபோக முடியுமா என்பதை இன்னும் ஆராய வேண்டும் என்று திறந்தே வைத்தார்கள். ஆகவே அயனாவரம் பிரதரைப் போன்றவர்களைப் பெலேகியர் (கிருபை இல்லாமல் தன் சொந்த பலமே போதும் என்போர்) என்று திட்டுவது பொய்ச்சாட்சி. நம் பக்கத்து இளைஞர்கள் வாட்ஸாப்பில் இதைச் செய்கிறார்கள். நிறுத்த வேண்டும்.

6 மார்ச், காலை 8.05

திருத்தம்: தோர்த்தின் ஐந்து தலைப்புகளில் மூன்றும் நான்கும் ஒரே அதிகாரமாக இணைக்கப்பட்டிருக்கின்றன. கையில் எடுத்து எண்ணினால் நான்குதான் வரும். தேடுகிறவர்கள் குழம்ப வேண்டாம்.

6 மார்ச், இரவு 8.40
கீழ்ப்பாக்கம் வாசகர்

லூத்தரன் பக்கத்தையும் எழுதிவிடுங்கள். எங்கள் விசுவாச அறிக்கைகளில் ஒன்றான 1577-இன் இணக்க அறிக்கை, பதினோராம் பகுதி. முன்னறிவு நல்லவர் கெட்டவர் எல்லார்மேலும் நீளும். தெரிந்துகொள்ளுதலோ தேவபிள்ளைகளுக்கு மட்டும் உரியது, அது அவர்கள் இரட்சிப்புக்குக் காரணம். அழிவுக்குத் தெரிந்துகொள்ளுதல் என்று ஒன்று கிடையாது. கிறிஸ்து எல்லாருக்காகவும் மரித்தார். அப்படியானால் ஏன் சிலர் மட்டும்? அந்த இடத்தில் நாங்கள் வாயை மூடிக்கொள்கிறோம். தர்க்கத்தால் மூடப் பார்ப்பதில்லை.

6 மார்ச், இரவு 10.20

நன்றாகச் சொன்னீர்கள், ஐயா. இந்த ஊரில் இது வெறும் நூலகச் சண்டை அல்ல. 1947 செப்டம்பர் 27 அன்று கதீட்ரல் சாலை புனித ஜார்ஜ் பேராலயத்தில் தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது, ஆங்கிலிக்கர்கள் தங்கள் 39 விதிகளோடு வந்தார்கள். அதில் பதினேழாவது, தெரிந்துகொள்ளுதலை வெளிப்படையாகப் போதிக்கிறது. மெத்தடிஸ்டுகள் அதைக் கடுமையாக எதிர்த்த வெஸ்லியின் வழியில் வந்தார்கள். தென்னிந்திய ஐக்கிய சபை வழியாக வந்தவர்களுக்குள் பிரெஸ்பிட்டேரியன் மரபு இருந்தது. அதன் வெஸ்ட்மின்ஸ்டர் அறிக்கையின் மூன்றாம் அதிகாரமே தேவனுடைய நித்திய தீர்மானம். மூவரும் ஒரே மேஜையில் அப்பம் பிட்டார்கள். இன்றும் ஒரே சபையில் ஞாயிறு எட்டு மணி ஆராதனைக்கு ஒரு ஆயர் ஒன்றையும், மாலை ஆராதனைக்கு வேறொருவர் வேறொன்றையும் போதிப்பது இதனால்தான். சபையாருக்கு யாரும் இதை விளக்குவதில்லை என்பதுதான் என் வருத்தம்.

பதினேழாவது விதி ஓர் எச்சரிக்கையும் வைத்திருக்கிறது. கிறிஸ்துவின் ஆவி தங்களில் வேலை செய்வதை உணர்கிறவர்களுக்கு இந்த உபதேசம் இனிய ஆறுதல். கிறிஸ்துவின் ஆவி இல்லாமல் ஆர்வத்துக்காகத் தோண்டுகிறவனுக்கு அது படுகுழி. வெஸ்ட்மின்ஸ்டர் அறிக்கையும் அதே மூன்றாம் அதிகாரத்தின் கடைசிப் பத்தியில் விசேஷ விவேகத்தோடு கையாளச் சொல்கிறது. மருந்துச் சீட்டில் அளவு எழுதுவது மாதிரி.

7 மார்ச், காலை 6.20
பெரம்பூர் வாசகி

பார்வோன்? இஸ்ரவேலரைப் போகவிடாத அந்த எகிப்து ராஜாவின் இருதயத்தைக் கடினப்படுத்தியது தேவன்தானே. பிறகு அவனை எப்படித் தண்டிக்கலாம்?

7 மார்ச், மதியம் 2.00

யாத்திராகமத்தைப் பென்சிலோடு வாசியுங்கள். மூன்று வகை வாக்கியங்கள் வரும். மூன்றுக்கும் மூன்று குறி போடுங்கள்.

பார்வோன் தானே கடினப்படுத்தினான்: 8:15, 8:32, 9:34. இருதயம் கடினப்பட்டது, செய்தவர் பெயர் இல்லை: 7:13, 7:22, 8:19, 9:7. கர்த்தர் கடினப்படுத்தினார்: 9:12, 10:20, 10:27, 11:10, 14:8.

வாதைகளின் வரிசையில் வைத்தால், முதல் ஐந்து வாதைகள் வரை கர்த்தர் கடினப்படுத்தியதாக நிகழ்ச்சி விவரணை சொல்வதில்லை. ஆறாவதான கொப்புள வாதையில்தான் 9:12 வருகிறது. அதற்குள் பார்வோன் இரண்டு தரம் தானே கடினப்படுத்தியாயிற்று. நல்லவனாக இருந்தவனைத் தேவன் கெட்டவனாக்கவில்லை. எபிரெயப் பிள்ளைகளை நதியில் போடக் கட்டளையிட்ட அரண்மனையின் வாரிசு அவன்.

ஆனால் இதோடு நிறுத்தி "பார்த்தீர்களா, முதலில் அவன், பிறகுதான் தேவன்" என்று கைகழுவுவதும் நேர்மையல்ல. 4:21-லும் 7:3-லும், முதல் வாதைக்கு முன்பே, நான் கடினப்படுத்துவேன் என்று தேவன் மோசேயிடம் சொல்லிவிட்டார். ரோமர் 9:18-ல் பவுல் அந்தப் பக்கத்தைத்தான் பிடிக்கிறார். இரண்டையும் வைத்திருக்க வேண்டும்.

ரோமர் 9:22, 23-ல் இன்னொரு நுட்பம். கோபாக்கினைப் பாத்திரங்களுக்கும் கிருபாபாத்திரங்களுக்கும் நம் பழைய மொழிபெயர்ப்பில் "எத்தனமாக்கு" என்ற ஒரே வினை. கிரேக்கத்தில் இரண்டு வேறு வினைகள். கிருபாபாத்திரங்களை முன்னதாக ஆயத்தப்படுத்தியவர் தேவன் என்று நேராக வருகிறது. கோபாக்கினைப் பாத்திரங்களுக்கோ செய்தவர் பெயர் இல்லாத வடிவம். தோர்த்தின் முடிவுரையும் இதே சாய்மானத்தைக் காக்கிறது: தெரிந்துகொள்ளுதல் விசுவாசத்துக்கு ஊற்றாக இருப்பதுபோல, புறக்கணிப்பு (தேவன் சிலரைத் தெரிந்துகொள்ளாமல் விடுதல்) அவிசுவாசத்துக்குக் காரணம் என்று சொல்வதை அது வெறுத்துத் தள்ளுகிறது. தராசின் இரு தட்டு மாதிரி சமமாகப் போதிக்கிறவர் தோர்த்தின் பெயரைச் சொல்ல உரிமையற்றவர்.

8 மார்ச், இரவு 9.30

தனிச்செய்தியில் ஒருவர்: "இது நம்ம ஊர் குரங்குக்குட்டி, பூனைக்குட்டி விஷயம்தானே?"

திருவல்லிக்கேணிப் பக்கம் இருப்பவர்களுக்குச் சட்டென்று புரிகிற, வைணவத்தின் இரு பிரிவுகளைப் பற்றிய ஒப்புமை. குரங்குக்குட்டி தாயின் வயிற்றைத் தானே இறுக்கிப் பிடிக்க வேண்டும், வடகலை. பூனைக்குட்டியைத் தாய் வாயில் கவ்வித் தூக்குகிறது, தென்கலை. கிருபைக்கு முன் மனிதன் முயற்சிக்கு எவ்வளவு இடம் என்ற கேள்வியைத் தமிழ் மண் ஏற்கெனவே கூர்மையாகக் கேட்டிருக்கிறது. சுவிசேஷம் சொல்கிறவர்கள் அதை மதிக்க வேண்டும்.

ஆனால் அப்படியே பொருத்தினால் தவறு. இரண்டு குட்டியும் உயிரோடு இருக்கின்றன. எபேசியர் 2:1 அக்கிரமங்களில் மரித்தவர்களைப் பற்றிப் பேசுகிறது. இயேசு உயிரோடு எழுப்பிய லாசருவின் கல்லறை வாசல்தான் அதற்கு நெருக்கம். யோவான் 6:44-ன் "இழுத்துக்கொள்ளாவிட்டால்" என்பதும் இதோடு சேரும். அந்த வினை 21:11-ல் 153 பெரிய மீன்களோடு வலையைக் கரைக்கு இழுப்பதற்கு வருகிறது. காசிமேட்டில் வலை இழுப்பதைப் பார்த்தவர்களுக்கு அது ஆலோசனை சொல்கிற வேலை இல்லை என்று தெரியும். அதே நேரத்தில் தோர்த்தின் மூன்று-நான்காம் அதிகாரம், கிருபை மனிதர்களைக் கட்டையாகவும் கல்லாகவும் நடத்துவதில்லை, சித்தத்தை அழிப்பதில்லை, உயிர்ப்பித்துச் சுகமாக்குகிறது என்று எழுதி வைத்திருக்கிறது. இழுக்கப்பட்டவன் தானாக விரும்பியே வருகிறான்.

8 மார்ச், இரவு 11.10
அயனாவரம் வாசகர்

யோவான் 12:32: "எல்லாரையும் என்னிடத்தில் இழுத்துக்கொள்ளுவேன்." அதே வினை, பிரதர்.

9 மார்ச், மாலை 5.00

அதே வினைதான். கிரேக்கர் சிலர் இயேசுவைக் காண வந்த உடனே (12:20) சொல்லப்பட்டது அது. ஆகவே யூதர் மட்டுமல்ல, எல்லா ஜாதியாரும் என்று நான் வாசிக்கிறேன். எல்லா மனுஷரும் இரட்சிக்கப்பட தேவன் சித்தமாயிருக்கிறார் என்ற 1 தீமோத்தேயு 2:4-ஐயும், ராஜாக்களுக்காகவும் ஜெபியுங்கள் என்ற 2:2-இன் பின்னணியில் எல்லா நிலை மனிதரும் என்று வாசிப்பேன்.

ஆனால் எல்லா "எல்லாரும்"-ஐயும் இந்தச் சாவியால் திறக்கப் பார்ப்பது எங்கள் பக்கத்தின் நோய். எசேக்கியேல் 33:11-ல் துன்மார்க்கன் மரணத்தை விரும்பாத தேவனையும், மத்தேயு 23:37-ல் "எத்தனைதரமோ மனதாயிருந்தேன், உங்களுக்கோ மனதில்லாமற்போயிற்று" என்று எருசலேமைப் பார்த்துச் சொன்னவரையும் எந்தச் சாவியாலும் சுருக்கக்கூடாது. அந்த மனதுருக்கம் உண்மையானது. யோவான் 6:37 ஒரே வசனத்தில் இரண்டையும் வைக்கிறது: பிதா கொடுக்கிற யாவும் வரும், வருகிறவனைப் புறம்பே தள்ளுவதில்லை.

10 மார்ச், காலை 7.00

போதிக்கும்போது பழுதாகிற இடங்கள்.

இளம்பிள்ளைகள் "நான் தெரிந்துகொள்ளப்பட்டவனா?" என்று உள்ளே தோண்டத் தொடங்குகிறார்கள். பட்டியலைப் பார்த்துவிட்டு உள்ளே வரலாம் என்று நினைக்கிறார்கள். பட்டியல் யாருக்கும் காட்டப்படவில்லை. காட்டப்பட்டது கிறிஸ்து. தோர்த் முதல் அதிகாரம் 16-ஆம் பிரிவு இவர்களுக்காகவே எழுதப்பட்டது: நிச்சயம் இன்னும் வராதவர்கள் புறக்கணிப்பு என்ற சொல்லைக் கேட்டு மிரள வேண்டாம், வசனம், ஜெபம், ஆராதனை என்ற வழிகளை விடாமல் பயன்படுத்தட்டும். மனச்சோர்வில் இருக்கும் பிள்ளையிடம் ரோமர் 9-ஐ எடுக்கவே வேண்டாம். சங்கீதம் 130 போதும்.

குழந்தையை இழந்த பெற்றோரிடம் இந்த விவாதத்தைக் கொண்டுபோகிறவர்களும் இருக்கிறார்கள். அதே அதிகாரம் 17-ஆம் பிரிவு, தேவபக்தியுள்ள பெற்றோர் சிறுவயதில் மரித்த தங்கள் பிள்ளைகளின் இரட்சிப்பைச் சந்தேகிக்க வேண்டாம் என்கிறது. முதலில் அதைச் சொல்லுங்கள். மற்றவை பிறகு, அல்லது எப்போதுமே வேண்டாம்.

பெருமை. நம் ஊரில் இது சாதியின் உருவத்தில் வருகிறது. தெரிந்துகொள்ளப்பட்ட கூட்டம் என்று பேசிவிட்டு, கல்யாண விளம்பரத்தில் பிரிவும் சாதியும் கேட்கிறோம். உபாகமம் 7:7 இஸ்ரவேல் கொஞ்சமாயிருந்ததைச் சொல்கிறது. 1 கொரிந்தியர் 1:28, இழிவானவைகளையும் அற்பமாய் எண்ணப்பட்டவைகளையும் தேவன் தெரிந்துகொண்டார் என்கிறது. பிறப்பில் உயர்வு தேடுகிறவன் இந்த உபதேசத்தைத் தலைகீழாகப் பிடித்திருக்கிறான்.

சுவிசேஷம் சொல்லாமல் விடுவது. கொரிந்துவில் "இந்தப் பட்டணத்தில் எனக்கு அநேக ஜனங்கள் உண்டு" (அப். 18:10) என்று கேட்ட பவுல், கேட்டதனாலேயே ஒன்றரை வருஷம் அங்கே தங்கிப் போதித்தார்.

10 மார்ச், இரவு 9.45
ராயபுரம் வாசகர்

கத்தோலிக்கத் தரப்பில் ஒரு வரி: 1547-இல் எங்கள் ஆயர்களின் பொதுச்சங்கமான திரெந்து சங்கம், விசேஷ வெளிப்பாடு இல்லாமல் தேவன் யாரைத் தேர்ந்தார் என்று ஒருவரும் நிச்சயமாக அறிய முடியாது என்றது. உங்கள் "பட்டியல் காட்டப்படவில்லை" என்பதில் நாங்களும் உண்டு.

11 மார்ச், காலை 6.50

அந்த வரியில் சேர்ந்து நிற்போம். நிச்சயத்தில் பிரிவோம்: 2 பேதுரு 1:10 அழைப்பையும் தெரிந்துகொள்ளுதலையும் உறுதியாக்கும்படி சொல்கிறது, அந்த உறுதி கனிகளில் வருகிறது என்று நாங்கள் நம்புகிறோம்.

பெரம்பூர் சிஸ்டருக்கு, முதல் கேள்விக்கே திரும்புகிறேன். கால்வின் தன் பெரிய நூலின் 1559-ஆம் ஆண்டுப் பதிப்பில் தெரிந்துகொள்ளுதலை எங்கே வைத்தார் தெரியுமா? மூன்றாம் புத்தகம், 21 முதல் 24 வரை. அதற்கு நேர் முன்னால் 20-ஆம் அதிகாரம், நீண்ட அதிகாரம், ஜெபத்தைப் பற்றியது. முழங்காலில் இருந்து எழுந்தவர்களுக்குத்தான் அவர் இதைப் போதிக்கிறார்.

அக்கா மகனுக்காக ஜெபிக்கும்போது என்ன கேட்கிறீர்கள்? அவன் மனதை மாற்றும் என்கிறீர்கள். மனிதன் இருதயத்துக்குள் தேவன் நுழையவே மாட்டார் என்றால் அந்த ஜெபத்தில் பொருளில்லை. அவர் நுழையக்கூடியவர் என்று நம்புவதால்தான் அப்படிக் கேட்கிறீர்கள். அயனாவரம் பிரதரும் முழங்காலில் இதையேதான் கேட்பார். பெயரைச் சொல்லிக் கேளுங்கள். எசேக்கியேல் 36:26-ஐ எடுத்து, கல்லான இருதயத்தை எடுத்துப்போடும் என்று அவன் பெயரை அதில் வைத்து ஜெபியுங்கள். அவனிடம் பேசும்போது இந்த இழையைக் காட்டாதீர்கள். மாற்கு சுவிசேஷத்தைக் கொடுங்கள்.

11 மார்ச், இரவு 10.05

புரசைவாக்கத்திலிருந்து ஒருவர் திடப்படுத்தல் வகுப்புக்கு (பிள்ளைகள் தங்கள் விசுவாசத்தைச் சபையில் உறுதிசெய்வதற்கு முன் படிக்கிற வகுப்பு) வேதபகுதிகளின் வரிசை கேட்டிருந்தார். நான்கு வாரம், வாரம் நாற்பது நிமிஷம். முதல் வாரம் எபேசியர் 2:1-10, வேறெதுவும் வேண்டாம். இரண்டாம் வாரம் யோவான் 6:35-47, பென்சிலோடு. மூன்றாம் வாரம் ரோமர் 8:28-39-ல் தொடங்கி 9:6-24. நான்காம் வாரம் ரோமர் 10:9-17, பிறகு 11:33-36-ஐ எழுந்து நின்று சேர்ந்து வாசித்தல். பத்தாம் அதிகாரத்தை அடுத்த மாதத்துக்குத் தள்ளிவிடாதீர்கள். ஒன்பதை மட்டும் கேட்டுவிட்டு விடுமுறைக்குப் போன பிள்ளை பாதி மருந்தோடு போகிறது.

11 மார்ச், இரவு 10.30

திருத்தம். மூன்றாம் வாரத்தில் 9:1-5-ஐ விட்டுவிட்டேன். பவுல் தன் ஜனத்துக்காக இடைவிடாத மனவேதனை உண்டென்றும், அவர்களுக்காகத் தானே கிறிஸ்துவைவிட்டுச் சபிக்கப்பட்டவனாகவும் மனதாயிருப்பேன் என்றும் சொல்கிற பகுதி. அதிலிருந்து தொடங்குங்கள். நேரம் போதவில்லையென்றால் 9:19-24-ஐ வீட்டுப்பாடமாகக் கொடுக்கலாம், இதைக் கொடுக்கக்கூடாது.